மலைக்காட்டுக்கு ஜி.டபிள்யூ.ஐ.எஸ். தீ அபாய வரைபடம்: எதை நம்பலாம், எதைத் திருத்த வேண்டும்

உலகக் காட்டுத்தீத் தகவல் அமைப்பு, சுருக்கமாக ஜி.டபிள்யூ.ஐ.எஸ்., ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் புவிநோக்குத் திட்டமும் ஜி.இ.ஓ. என்ற பன்னாட்டுப் புவிநோக்குக் கூட்டமைப்பும் சேர்ந்து நடத்தும் இலவச இணையச் சேவை. கணக்குத் திறக்க வேண்டியதில்லை, செயலி இறக்க வேண்டியதில்லை. உலாவியில் வரைபடத்தைத் திறந்து தேதியைத் தேர்ந்தெடுத்தால், உலகில் எந்த இடத்துக்கும் இன்றைக்கும் வரும் நாட்களுக்குமான தீ அபாயம் நிறமாகத் தெரியும். ஐரோப்பிய வானிலை மையமான ஈ.சி.எம்.டபிள்யூ.எஃப். தரும் முன்கணிப்பு அடியில் ஓடுகிறது. சமவெளிக் காடுகளைப் பார்ப்பவர்களுக்கு இதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலை என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. ஒரு மலைத்தொடர் மொத்தமாக எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். எந்தச் சரிவு, எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதிலே கிடையாது. ஆனாலும் நிறம் இருக்கிறது, அதனால் பதில் கிடைத்துவிட்டதுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. மலையில் இதைப் பயன்படுத்துவோர் முதலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

உள்ளே இருக்கும் கணக்கு கனடாவில் உருவான எஃப்.டபிள்யூ.ஐ. என்ற தீ வானிலைக் குறியீட்டு முறை. இன்று உலகம் முழுக்கப் புழங்குவது கனடிய ஆய்வாளர் வான் வாக்னர் 1987இல் வெளியிட்ட வடிவம். உள்ளீடு நான்கே நான்கு: நண்பகல் வெப்பநிலை, நண்பகல் ஈரப்பதம், பத்து மீட்டர் உயரத்தில் காற்றின் வேகம், முந்தைய 24 மணி நேர மழை. அதிலிருந்து மூன்று ஈரக் குறியீடுகள் பிறக்கின்றன. மேலே கிடக்கும் உலர்ந்த சருகுக்கு எஃப்.எஃப்.எம்.சி.; அதற்குக் கீழே ஏழு சென்டிமீட்டர் வரையிலான அரைமட்குக்கு டி.எம்.சி.; இன்னும் ஆழத்தில் இறுகிக் கிடக்கும் அடுக்குக்கும் பெருங்கட்டைகளுக்கும் டி.சி. முதலாவது ஒரு நாளுக்குள் மாறிவிடும். இரண்டாவதற்கு ஏறத்தாழ 12 நாள் நினைவு. மூன்றாவதற்கு 52 நாள். சருகுக் குறியீட்டோடு காற்றைச் சேர்த்தால் பரவல் வேகத்தைச் சொல்லும் ஐ.எஸ்.ஐ.; மற்ற இரண்டையும் சேர்த்தால் எரிய எவ்வளவு சரக்கு காய்ந்து நிற்கிறது என்று சொல்லும் பி.யு.ஐ.; இவ்விரண்டின் கூட்டுதான் கடைசியில் வரும் எஃப்.டபிள்யூ.ஐ. எண்.

வரைபடம் திறந்ததும் கண்ணில் படுவது அந்தக் கடைசி எண்ணின் நிறம்தான். எஃபிஸ் என்ற ஐரோப்பியக் காட்டுத்தீ அமைப்பு வைத்திருக்கும் எல்லைகளின்படி 11.2 வரை குறைவு, 21.3 வரை மிதம், 38 வரை அதிகம், 50 வரை மிக அதிகம், அதற்கு மேல் உச்சம். மலைக்கு இந்த நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது கிட்டத்தட்ட வீண். அடுக்குப் பட்டியலைத் திறந்து டி.எம்.சி.யையும் டி.சி.யையும் தனித்தனியாகப் பாருங்கள். அடுத்து 'அனாமலி', 'ரேங்கிங்' என்ற இரண்டு அடுக்குகள். இன்றைய எண் அதே இடத்தின் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்பதை இவை காட்டும். இந்தச் சேவையில் மலைக்கு மிகவும் உபயோகமான பகுதி இதுதான், ஆனால் பலர் திறப்பதே இல்லை. காரணம் எளிது: நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் கணினி வானிலை மாதிரிக்கு மலையிலுள்ள ஒரு கட்டத்தில் நிலையான பிழை இருந்தால், அதே பிழை பழைய ஆண்டுக் கணக்கிலும் பெரும்பாலும் இருக்கும். ஒப்பிடும்போது அதில் ஒரு பங்கு அடிபட்டுப்போகும். எண் 24 என்பதை நம்ப முடியாத இடத்தில்கூட, 'இந்த இடத்துக்கு இது வழக்கத்துக்கு மிஞ்சிய வறட்சி' என்பதை நம்பலாம்.

பிழை எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் கட்டத்தின் அளவு. ஒரு கட்டம் ஏறத்தாழ எட்டு ஒன்பது கிலோமீட்டர். அதற்குள் 600 மீட்டர் உயரப் பள்ளத்தாக்கும் 2,200 மீட்டர் முகடும் சேர்ந்தே அடங்கிவிடலாம். மாதிரிக்குத் தெரிந்த உயரம் ஒன்றுதான், சராசரியாக 1,400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 24 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் என்று அது சொல்கிறது. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொதுக் கணக்கில் கீழே பள்ளத்தாக்கில் 29.2 டிகிரி இருக்கும். காற்றிலுள்ள நீராவி அதேதான் என்று கொண்டால் ஈரப்பதம் 33 சதவீதமாக இறங்கிவிடும். முகட்டில் 18.8 டிகிரி, ஈரப்பதமும் கூடுதல். ஒரே நிறத்துக்குள் மூன்று வேறு காடுகள். வெப்பநிலையை இப்படி உயரத்தை வைத்துத் திருத்துவது எளிது, தாளில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நண்பகலுக்கு மட்டும் செய்யுங்கள். இரவில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கும்போது இதே கணக்கு தலைகீழாகும்.

காற்றைத் திருத்துவது இவ்வளவு எளிதல்ல, விளைவும் பெரிது. ஐ.எஸ்.ஐ. சூத்திரத்தில் காற்று அடுக்குக்குறியாக வருகிறது. மணிக்கு 14 கிலோமீட்டர் கூடினால் ஐ.எஸ்.ஐ. இரட்டிப்பாகும். ஓர் எடுத்துக்காட்டு: எஃப்.எஃப்.எம்.சி. 91, டி.எம்.சி. 48, டி.சி. 310. கட்டத்தின் சராசரிக் காற்று 12 கிலோமீட்டர் என்றால் ஐ.எஸ்.ஐ. 9, பி.யு.ஐ. 69, எஃப்.டபிள்யூ.ஐ. 24.5, அதாவது 'அதிகம்' என்ற வகையின் அடிப்பகுதி. அதே நாள், அதே சருகு. முகட்டிலோ கணவாயிலோ காற்று 26 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஐ.எஸ்.ஐ. 18 ஆகிறது, எஃப்.டபிள்யூ.ஐ. 39க்குத் தாவி 'மிக அதிக'த்துக்குள் நுழைகிறது. வரைபடத்தில் நிறம் மாறவில்லை. மலையில் நிலைமை மாறிவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் கட்டத்துக்குக் கணவாய் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முகட்டைத் தாண்டி இறங்கும் காய்ந்த காற்று இன்னும் மோசம். இறங்கும் காற்று ஆயிரம் மீட்டருக்கு 9.8 டிகிரி சூடேறும். 1,500 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. ஈரப்பதம் அடியோடு சரியும். பெரிய மலைத்தொடரைக் கடக்கும் இத்தகைய காற்றை மாதிரி ஓரளவு பிடித்துவிடும். சின்னப் பள்ளத்தாக்குகளில் நடப்பது அதன் வலைக்குள் விழாது.

அடுத்தது மழை. வாரக்கணக்கில் கரையாமல் நிற்கும் பிழை இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மலையில் இடிமழை ஒரு சரிவை நனைத்துவிட்டு அடுத்த சரிவைத் தொடாமல் போவது சாதாரணம். முன்கணிப்பு கட்டம் முழுக்க 15 மில்லிமீட்டர் என்று பதிந்துகொள்கிறது. மேலே சொன்ன அதே நிலையில் அந்த மழை டி.சி.யை 310இலிருந்து 265க்கும், டி.எம்.சி.யை 48இலிருந்து ஏறத்தாழ 21க்கும் இறக்கும். பி.யு.ஐ. 69இலிருந்து 36 ஆகிவிடும். நனையாத சரிவில் இவை எதுவும் நடக்கவில்லை. அடுத்த நாள் வெயில் அடிக்கிறது. சருகுக் குறியீட்டின் பிழை இரண்டு மூன்று நாளில் தானே கரைந்துவிடும், ஏனென்றால் சருகு காற்றின் ஈரத்தோடு சீக்கிரம் சமநிலைக்கு வந்துவிடுகிறது. டி.எம்.சி.யும் டி.சி.யும் அப்படியல்ல. தினமும் அவற்றில் கூடும் அளவு அன்றைய வானிலையையும் பகல் நீளத்தையும் மட்டும் பொறுத்தது; ஏற்கெனவே எண் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஆகவே நனைந்த கணக்கும் நனையாத சரிவும் ஒரே வேகத்தில் ஏறும், டி.சி.யில் விழுந்த அந்த 45 இடைவெளி அப்படியே நிற்கும். அடுத்த பெருமழை இரண்டையும் சேர்த்து இறக்கும்வரை அது அழியாது. இடையில் எத்தனை நாள் வெயில் காய்ந்தாலும் வரைபடம் தன்னைத் திருத்திக்கொள்ளாது.

சிறுமழையும் சிக்கல்தான், வேறு விதத்தில். 0.5 மில்லிமீட்டர் வரை எஃப்.எஃப்.எம்.சி. கண்டுகொள்ளாது, 1.5 வரை டி.எம்.சி. அசையாது, 2.8 வரை டி.சி. அசையாது. மாதிரி 2.5 என்றும் நிலத்தில் 3.5 என்றும் இருந்தால் தொகையில் வித்தியாசம் ஒன்றுமில்லை, ஆனால் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு சரிவிலும் ஒரு மழைமானி இருந்தால் போதும்; மற்ற கருவிகளை அவ்வளவு பரவலாக வைக்க வேண்டியதில்லை. வெப்பமானியில் காசைக் கொட்டிவிட்டு மழைமானியில் மிச்சம் பிடிப்பதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தப்பு.

இதுவரை சொன்னவை உள்ளீட்டின் பிழைகள். முறையிலேயே ஒரு குறை இருக்கிறது: எஃப்.டபிள்யூ.ஐ. கணக்கு சமதளத்தில் நிற்கும் முதிர்ந்த பைன் காட்டை வைத்துப் போட்டது. சரிவு என்ற சொல்லே அதில் இல்லை. சரிவு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆய்வாளர் மெக்ஆர்தர் கொடுத்த நடைமுறை விதி. அதன்படி 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. கனடாவே சரிவையும் கணக்கில் சேர்க்கும் தீ நடத்தைக் கணிப்பு முறை ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது, ஆனால் உலக வரைபடத்தில் அது வருவதில்லை. நாமே செய்துகொள்ள வழி: வரைபடத்தை வேறு மென்பொருளில் திறக்க உதவும் டபிள்யூ.எம்.எஸ். இணைப்பைக் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளில் சேர்த்து, 30 மீட்டர் உயரத் தரவிலிருந்து சரிவும் சரிவின் திசையும் எடுத்து மேலே போடுவது. 20 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளைத் தனியாகக் குறியுங்கள். வட அரைக்கோளத்தில் தெற்கும் தென்மேற்கும், தென் அரைக்கோளத்தில் வடக்கும் வடமேற்கும் பார்த்த சரிவுகளை இன்னொரு நிறத்தில் குறியுங்கள். இரண்டும் சந்திக்கும் இடங்களில், குறிப்பாக ஓடைப் பிளவு ஒன்று கீழிருந்து மேலே நேராக ஏறும் இடங்களில், வரைபடம் சொல்வதைவிட ஒரு வகை கூட்டியே படியுங்கள்.

நேரமும் அப்படித்தான். நண்பகல் அளவை வைத்து மாலை நான்கு மணியளவிலான உச்ச அபாயத்தைச் சொல்வதுதான் இந்த எண்ணின் வேலை. அது நாள் முழுவதற்குமான எண் அல்ல. மலையில் கிழக்குச் சரிவின் சருகு காலையிலேயே காய்ந்து, மேற்குச் சரிவு பிற்பகலில் உச்சம் தொடும். வெயில் ஏற ஏறச் சரிவில் மேல்நோக்கிக் காற்று எழும், வழக்கமாக மணிக்கு 5 முதல் 13 கிலோமீட்டர். பள்ளத்தாக்கு நெடுக மேலேறும் காற்று அதைவிட வலுத்து 16 முதல் 24 வரை போகும். பொழுது சாய்ந்தபின் திசை கீழ்நோக்கித் திரும்பும். எரிந்துகொண்டிருக்கும் தீக்கு இந்தத் திருப்பம் ஆபத்தானது. இரவு வந்துவிட்டதே, தணியும் என்று நினைத்தால் இன்னொரு சங்கதி காத்திருக்கிறது. குளிர்காற்று பள்ளத்தில் தேங்க, அதற்கு மேலே சரிவின் நடுப்பகுதியில் ஒரு சூடான பட்டை நிற்கும். அடிவாரத்தில் பனித்துளி கோத்திருக்கும், முகட்டில் குளிர்ந்திருக்கும். நடுச்சரிவில் மட்டும் ஈரப்பதம் ஏறவே ஏறாது, சருகு இரவெல்லாம் மொறுமொறுவென்றே கிடக்கும். நண்பகல் எண்ணால் இதைச் சொல்லவே முடியாது. பட்டையின் உயரம் மலைக்கு மலை வேறுபடும். கீழே, நடுவே, மேலே என்று மூன்று உயரங்களில் இரவு ஈரப்பதம் பதியும் சிறு கருவிகளை ஒரு வறண்ட வாரம் வைத்தால் பிடிபட்டுவிடும்.

வானிலை முகப்பு, அதாவது இரு வேறு காற்றுத்திரள்கள் சந்திக்கும் எல்லை, கடக்கும் நாளில் 'நாளுக்கு ஓர் எண்' என்பதே உடைந்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் மலையில் 1994 ஜூலை 6 அன்று பிற்பகலில் வறண்ட குளிர்முகப்பு வந்து காற்றைத் தூக்கியது. சரிவின் அடிக்குத் தாவிய தீ மேல்நோக்கி ஓடி 14 தீயணைப்பாளர்களைக் கொன்றது. அப்படிப்பட்ட நாளில் நண்பகல் எண்ணோடு மணிவாரிக் காற்று முன்கணிப்பையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்; ஜி.டபிள்யூ.ஐ.எஸ். மட்டும் போதாது.

ஆகவே இந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் உள்ளூர் அளவுகளை வைத்துத் தாங்களே ஒரு கணக்கு ஓட்டுவது நல்லது. ஆர் என்ற நிரல்மொழியில் சி.எஃப்.எஃப்.டி.ஆர்.எஸ். தொகுப்பும், பைத்தானில் எக்ஸ்கிளிம் தொகுப்பும் இலவசம். நான்கு பத்தி கொண்ட அட்டவணை கொடுத்தால் ஆறு எண்ணும் வந்துவிடும். சிக்கல் மென்பொருளில் இல்லை, கொடுக்கும் எண்களில்தான். நண்பகலுக்குப் பதில் நாள் சராசரி வெப்பநிலையைக் கொடுத்துவிடுவது முதல் தவறு. அபாயம் எப்போதும் குறைவாகவே வரும். கிரீனிச் நேர 12 மணியைத் தங்கள் ஊர் நண்பகல் என்று எடுத்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது காற்றுமானியின் உயரம். கணக்கு கேட்பது திறந்தவெளியில் பத்து மீட்டர். அமெரிக்கத் தீ வானிலை நிலையங்கள் 6.1 மீட்டரில் அளக்கின்றன. அந்த எண்ணை 1.15ஆல் பெருக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே இரண்டு மீட்டரில் வைத்த மானியின் அளவை எந்தப் பெருக்கலாலும் காப்பாற்ற முடியாது. தடை எவ்வளவு உயரமோ அதைப்போல் பத்து மடங்கு தள்ளி வையுங்கள்.

நான்காவது தவறு சந்தடியில்லாமல் நடக்கும். டி.எம்.சி., டி.சி. இரண்டிலும் உள்ள பகல்நீளக் காரணிகள் கனடாவின் அட்சரேகைக்குப் போட்டவை. நிலநடுக்கோட்டை நெருங்கிய மலைகளில் அவற்றை அப்படியே விட்டால் எண்கள் மெல்ல மெல்ல நழுவும். தொகுப்பில் அட்சரேகைத் திருத்தம் இருக்கிறது, அட்சரேகையை மறக்காமல் கொடுத்தால் போதும். எஃப்.எஃப்.எம்.சி., டி.எம்.சி., டி.சி. மூன்றுக்கும் தொடக்க மதிப்புகள் முறையே 85, 6, 15 என்பது பனி உருகிய ஈர நிலத்துக்கானது. பனியே விழாத மலையில் வறட்சியின் நடுவில் இந்த எண்களோடு தொடங்கினால் டி.சி. தேறிவர மாதங்கள் ஆகும். அங்கே ஆண்டு முழுக்க விடாமல் ஓட்டுங்கள், அல்லது பெருமழைக் காலத்தின் கடைசியில் தொடங்குங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு தராசு போதும். எஃப்.எஃப்.எம்.சி. 91 என்றால் சருகில் ஈரம் ஏறத்தாழ 9.8 சதவீதம் என்று பொருள். பிற்பகல் நான்கு மணியளவில் மேல்பரப்புச் சருகை மட்டும், அடியிலுள்ள மட்கு ஒட்டாமல், ஒரு கைப்பிடி அள்ளிக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து உடனே எடை போடுங்கள். 105 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரம். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று எடுத்தால் இரண்டும் வேறாக வரும். அது பிழையல்ல, கணக்கு நிழலான காட்டுத்தளத்துக்கானது. வெயிற்சரிவுச் சருகு கணக்கைவிட எவ்வளவு காய்ந்து வருகிறது என்று பல நாட்களுக்குக் குறித்துவைத்தால், அந்தச் சரிவுக்கான திருத்தம் அதிலேயே கிடைத்துவிடும்.

புல்வெளிக்கு இந்த எண்கள் சுமாராகவே பொருந்தும். காய்ந்த புல் மணிக்கணக்கில் ஈரம் இழக்கும். பச்சைப் புல் எந்த எஃப்.டபிள்யூ.ஐ.யிலும் எளிதில் எரியாது. முகடுகளில் புல் பரந்த மலைகளில், எவ்வளவு புல் பழுத்துவிட்டது என்று நேரில் பார்ப்பதற்கு மாற்று இல்லை. மரக்கோட்டுக்கு மேலே வெறும் பாறையிலும் வரைபடம் நிறம் பூசும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். யார் தீ வைப்பார்கள், மின்னல் எங்கே விழும் என்பதும் இந்த எண்ணுக்கு அப்பாற்பட்டவை.

வரைபடத்திலேயே செயற்கைக்கோள் பார்த்த தீப்புள்ளிகளும் இருக்கின்றன. இவற்றை நாசாவின் ஃபர்ம்ஸ் சேவையில் பார்ப்பது இன்னும் வசதி, மின்னஞ்சல் எச்சரிக்கையும் உண்டு. செயற்கைக்கோள்களில் உள்ள இரண்டு கருவிகளில் விர்ஸ் கருவியின் புள்ளி 375 மீட்டர், மோடிஸ் கருவியின் புள்ளி ஒரு கிலோமீட்டர். செயற்கைக்கோள் பார்த்த மூன்று மணி நேரத்துக்குள் புள்ளி வந்துவிடும். ஆனால் விர்ஸ் ஏந்திய கோள்கள் ஓரிடத்தைக் கடப்பது பிற்பகல் ஒன்றரையையும் பின்னிரவு ஒன்றரையையும் ஒட்டித்தான். மூன்று மணிக்குப் பற்றிய தீ நள்ளிரவு தாண்டிய பிறகே அவற்றின் கண்ணில் படும். மேகமிருந்தால் அதுவும் இல்லை. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே சருகில் மட்டும் ஊரும் தீ தப்பிவிடலாம், பகலில் கொதிக்கும் பாறை தீயாகத் தோன்றலாம். எச்சரிக்கைக்கான எல்லையைக் காட்டின் எல்லையிலேயே வரையாதீர்கள். வறண்ட காற்று வழக்கமாக வரும் பக்கத்தில் அடுத்த பள்ளத்தாக்கையும் சேர்த்து, முகட்டுக்கு அப்பால் சில கிலோமீட்டர் தள்ளி வரையுங்கள். குறைந்த நம்பகத்தன்மை கொண்ட புள்ளிகளையும் வடிகட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள், தினமும் ஒரே இடத்தில் வருவதை மட்டும் பாறை என்று கழித்துவிடலாம்.